வேஸ்டேஜ் போக எவ்வளவு?

சுலைகா இறந்த செய்தி சுலைகாவின் எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. காலை ஒன்பதரை இருக்கும். ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் நின்றிருந்தேன். கைபேசியில் அவள் பெயரைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது ஒரு சின்னச் சந்தோஷம். எங்களுக்குள் நான்கு மாதமாகப் பேச்சு இல்லை. 'வந்தியா வழிக்கு' என்று நினைத்து, திறக்காமலே பைக்குள் போட்டேன். கொஞ்சம் காயட்டும் என்று டீ மணி அடிக்கும்வரை விட்டுவைத்தேன். திறந்தபோது அவள் மகள் எழுதியிருந்தாள்: "அம்மி காலைல மவுத்தாயிட்டாங்க ஆன்ட்டி. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

கட்டிங் பிரிவில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தோலில் எத்தனை ஜோடி தேறும், எவ்வளவு துண்டாக வீணாகும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அந்த வீணுக்கு எங்கள் ஊரில் வேஸ்டேஜ் என்று பெயர். அந்தச் சொல்லை அவள் கம்பெனி கேட்டோடு விடவில்லை. ஆலங்காயத்திலிருந்து பலாப்பழம் கொண்டுவந்த வியாபாரியிடம், "தோலு, சடை, கொட்டை போவ சுளை எவ்ளோ? அத்த சொல்லு, அதுக்குத்தான் துட்டு" என்று மல்லுக்கு நின்றாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு, "பேஜார் பண்ணாதம்மா" என்றான். பழம் மட்டும் அவள் சொன்ன விலைக்கே வந்தது.

நாங்கள் சண்டை போட்டதும் இந்தச் சொல்லால்தான். எனக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, அறுபதுக்குப் பிறகு கை நீட்ட எனக்கு ஆள் கிடையாது. பி.எஃப். பென்ஷன் பாலுக்கும் காய்கறிக்குமே காணாது. தனியாக ஒரு பென்ஷன் போடலாம் என்று முடிவு செய்தபோது, இன்சூரன்ஸ் ஏஜென்டான என் தம்பி முரளி பாலிசிப் படிவத்தோடு கேன்டீனுக்கே வந்துவிட்டான். கூடவே ஒரு ஹாட்பாக்ஸும் இலவசம். நான் பேனாவைத் திறந்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த சுலைகா, "தம்பி, இதுல வருஷத்துக்கு எவ்ளோ புடிப்பீங்க?" என்று கேட்டாள். முரளி சிரித்து, "நூத்துக்கு ரெண்டோ என்னமோக்கா. பெரிசா ஒண்ணும் இல்ல" என்றான்.

அவள் பையிலிருந்து உள்ளங்கை அகல லைனிங் தோல் ஒன்றை எடுத்தாள். "கிரிஜா, இது உன் துட்டு" என்று சொல்லி, கத்தரியால் ஓரத்தில் ஒரு பட்டை நறுக்கினாள். "ஒரு வருஷம்." இன்னொரு பட்டை. "ரெண்டு." பதினெட்டு முறை நறுக்கினாள். மிச்சத்தைத் தூக்கிக் காட்டி, "இதுல ஒரு ஷூவுக்கு நாக்காவது வருமா?" என்றாள். பிறகு அதே அளவில் இன்னொரு துண்டெடுத்து, நூல் நூலாகப் பதினெட்டு முறை சீவினாள். அது ஏறக்குறைய முழுசாகவே இருந்தது. "பேங்க்ல கவர்மென்ட்டு பென்ஷன் கணக்கு இப்படி. லீவு போட்டு மூணு இடம் ஏறி எறங்கிப் பாத்துத்தான் நான் போட்டேன்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு ஏது? "உன் தம்பிகிட்ட வேஸ்டேஜ் ஜாஸ்தி" என்றாள். கேன்டீனே சிரித்தது. இந்தப் பக்கம் ஒருவனை வேஸ்ட்டு என்றால் உருப்படாதவன் என்று அர்த்தம். முரளியின் முகம் சுண்டிப்போயிற்று. "இன்னாடி சொன்ன எந்தம்பிய?" என்று நான் எழுந்துவிட்டேன். அவள் பாலிசியைத்தான் சொன்னாள், அவனை இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் கத்தினேன். அவளும் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. போகும்போது அந்த இரண்டு துண்டுகளையும் ஏன் எடுத்துப் பையில் போட்டேன் என்று இன்றும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "கோவம் இருந்தா இருக்கட்டும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வேஸ்டேஜ் எவ்ளோனு சரியா கேளு. கேட்டியா?" நான் பதில் போடவில்லை.

ஆனால் கேட்டேன். முதல் வருஷத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று முரளியிடம் கேட்டபோது, "அக்கா, அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த வாரம் அரைநாள் லீவு போட்டு பேங்க்குக்குப் போனேன். பணத்தைப் பார்த்துக்கொள்ள இத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன, எது வேண்டும் என்று அங்கிருந்தவர் ஒரு பட்டியலை நீட்டினார். "வேஸ்டேஜ் எதுல சார் கம்மி?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே கட்டணம் போட்டிருந்த கட்டத்தைக் காட்டினார். இருப்பதிலேயே குறைந்ததைத் தேர்ந்தெடுத்தேன்.

அதை அவளிடம் சொல்லவில்லை. முதலில் அவள் பேசட்டும் என்ற வீம்பு. தினமும் ஒரே கேட்டில் நுழைந்தோம், ஒரே சங்குக்கு வெளியே வந்தோம். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டே காலியாக இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். நானும் கூப்பிடவில்லை. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அடக்கத்துக்கு முன் வீட்டுக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்தேன். பெரிதாக அழவில்லை. அவள் எனக்கு நல்லது செய்தவள், வாய்த்துடுக்கும் உள்ளவள். இரண்டில் ஒன்றை மறைத்துச் சொன்னால் அவளுக்கே பிடிக்காது. என்னிடம் மிஞ்சியிருப்பது அவளுடைய அந்த ஒரு கேள்வியும், பென்ஷன் அட்டை வைத்திருக்கும் உறைக்குள் இரண்டு தோல் துண்டுகளும்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் கைபேசியைத் திறந்தேன். மகள் எழுதிய செய்திக்கு நேர் மேலே, நான்கு மாதத்துக்கு முந்தைய அவள் கேள்வி அப்படியே இருந்தது. கேட்டியா?

"கேட்டேன் சுலைகா. கம்மிதான். நீ சொன்ன எடத்துலயே போட்டுட்டேன்" என்று எழுதி அனுப்பினேன். உடனே இரண்டு நீலக் கோடு விழுந்தது. பார்த்தவள் அவள் மகள்.