கம்பியைக் கடித்துக் கேட்ட மம்மது

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையில், சந்தைக்கு எதிரே கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மம்மதுவுக்கு வலது காது செத்த காது. இடது காது அரைக் காது. பொள்ளாச்சியில் தொழில் பழகிய காலத்தில், நட்டை மாற்றிப் போட்டான் என்று முதலாளி விட்ட இரண்டு அறையில் போனவை. மூன்றாவது அறைக்கு மம்மது காத்திருக்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனராலேயே முதலாளியின் முன்பல் இரண்டைப் பெயர்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

காது போனவன் கார் சத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பான் என்று ஊர் சிரித்தது. ஒரு முழ நீள இரும்புக் கம்பியைப் பல்லில் கடித்து, மறுமுனையைக் காரில் வைத்தால் சத்தம் எலும்பு வழியாக மண்டைக்குள் இறங்கும் என்பதை மம்மது தானாகவே கண்டுபிடித்திருந்தான். சிரித்தவர்கள் எல்லாம் பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவனிடமே வந்தார்கள்.

எழுபத்திரண்டாம் வருடம் ஐப்பசியில், ஒரு மழை விட்ட காலையில், பெருமாட்டியில் பெரிய நிலக்காரரான பண்ணாடி சென்னியப்பனின் ஆள் சைக்கிளில் வந்து அவனை அழைத்துப் போனான். பண்ணாடியின் அம்பாசிடர் வாய்க்கால் மேட்டில் ஒரு தென்னையை முட்டி நின்றது. அடுத்த தென்னையில் ஒரு மனிதனைக் கட்டி வைத்திருந்தார்கள். கருத்தப்பாண்டி. அந்த அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்களை வரப்பில் உட்கார வைத்தவன். முகம் வீங்கி, காதோரம் ரத்தம் வழிந்து சட்டையை நனைத்திருந்தது. மண்வெட்டிக் காம்பால் அவனை அடித்துக்கொண்டிருந்தவன் பண்ணாடியின் மச்சினன் ஈஸ்வரமூர்த்தி, முந்தாநாள்தான் உடுமலைப் பக்கமிருந்து வந்தவன்.

"நான் முன்னாடி உக்காந்திருந்தனுங், மாமா பின்னாடி தூங்கிட்டு இருந்தாருங். டமார்னு ஒரு சத்தம். 'குண்டு! குண்டு!'ன்னு கத்திட்டே டிரைவர் கபிரியேலு மண்டை உடைஞ்சு சாஞ்சுட்டான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. இந்த நாய் மண்வெட்டியோட வாய்க்கா ஓரத்துல நின்னுச்சு. குண்டு வெச்சவன் இவனேதான்!" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு ஈஸ்வரமூர்த்தி மறுபடியும் ஓங்கினான். காம்பு விலா எலும்பில் விழுந்தது. கருத்தப்பாண்டி கத்தக்கூட இல்லை.

மம்மதுவுக்குப் பயமாக இருந்தது. சுற்றிலும் பண்ணாடியின் ஆட்கள் ஆறு பேர் அரிவாளோடு நின்றார்கள். வாய்ச்சண்டை போட்டால் மூன்றாவது தென்னை அவனுக்குத்தான்.

"வண்டி ஓடுமா பாருடா" என்றார் பண்ணாடி. துண்டால் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிராய்ப்புதான்.

மம்மது முன்பக்கம் படுத்து, கம்பியைக் கடித்துக்கொண்டு, சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் மறுமுனையை வைத்தான். இரண்டு பேரை மட்கார்டை அமுக்கி விடச் சொன்னான். வண்டி ஒரு முறை குதித்தது. 'டங்' என்று பல்லில் அடித்தது. மறுபடியும் 'டங்'. ரப்பர் புஷ் பிய்ந்து, இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம். ரிம்மின் விளிம்பு உள்பக்கமாக மடங்கியிருந்தது. கரி இல்லை, வெடிமருந்து வாசம் இல்லை, டயர் முழுசாக இருந்தது. சக்கரத்தின் மூடியை மட்டும் காணோம்.

எழுந்து, வந்த வழியே நடந்தான். நாற்பது அடியில் மழைத்தண்ணீர் நிறைந்த ஒரு குழி.

"ஏனுங்க, இங்க வாங்க. கைய உடுங்க" என்று ஈஸ்வரமூர்த்தியை அழைத்தான். முறைத்துக்கொண்டே வந்த ஈஸ்வரமூர்த்தி முழங்கைக்கு மேல் கையை விட்டுத் துழாவினான். வெளியே வந்தது சக்கர மூடி.

"குண்டு வெடிச்சிருந்தா டயர் தானுங்க மொதல்ல போகும்? வண்டி இந்தக் குழியில எறங்கி ஏறியிருக்குது. கபிரியேலு மலையாளத்தானுங்க. அவங்க பேச்சுல குண்டுன்னா குழி. ரோடு குண்டும் குழியுமாக் கெடக்குதுன்னு நாமளே சொல்றமில்லீங்?"

ஈஸ்வரமூர்த்தி மூடியைப் பார்த்தான். பிறகு பண்ணாடியைப் பார்த்தான். "மாமா, நீங்க பொறந்ததே இந்த ஊருலதானே. உங்களுக்குக் குண்டுன்னா தெரியாதா?"

பண்ணாடி நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "அவன் எப்புடியும் ஒரு நாளைக்கு வெக்கிறவன்தான் மாப்ள" என்றார். ஈஸ்வரமூர்த்தி காம்பை வாய்க்காலில் வீசிவிட்டு, தானே போய்க் கட்டை அவிழ்த்தான். ஆட்கள் அசையவில்லை.

"உன்னய உட்டுட்டாங்க, போ" என்றான் மம்மது. கருத்தப்பாண்டி அவன் வாயையே பார்த்தான். இரண்டு காதையும் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினான்.

மம்மதுவுக்குள் பொள்ளாச்சி அறை இரண்டும் திரும்ப விழுந்தன. சாவியைத் திருப்பி இஞ்சினை ஓடவிட்டான். கம்பியின் ஒரு முனையை இஞ்சின் மேல் வைத்து, மறுமுனையைக் கருத்தப்பாண்டியின் பல்லுக்குள் கொடுத்தான். செவிப்பறைதான் கிழிந்ததா, உள்ளே எல்லாமே போய்விட்டதா என்று பார்க்க அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். கருத்தப்பாண்டியின் கண் விரிந்தது. கேட்கிறது என்று கையைக் காட்டினான். மம்மதுவுக்கு அழுகை வந்துவிட்டது.

கருத்தப்பாண்டி கம்பியை வாயிலிருந்து எடுத்தான். திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு எட்டு வைத்து, பண்ணாடியின் தோளில் ஓங்கி ஒரே அடி. எலும்பு முறிந்தது. ஆட்கள் பாய்ந்தபோது ஈஸ்வரமூர்த்தி குறுக்கே நின்று கையை விரித்தான். அதற்குள் கருத்தப்பாண்டி சோளக்காட்டுக்குள் இறங்கிவிட்டான். அகளிப் பக்கம் மலை ஏறிவிட்டான் என்று பிறகு சொன்னார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் மம்மதுவை உலுக்கினார். பண்ணாடி அலறியது அடுத்த களம் வரை கேட்டிருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் நின்ற உனக்கு மட்டும் கேட்கவில்லையா, ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார்.

மம்மது தன் செத்த வலது காதைத் தொட்டுக் காட்டினான். "பண்ணாடி இந்தப் பக்கந்தானுங்க நின்னாரு" என்றான்.