பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை

மகளின் நேசரிப் பள்ளிப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் 'ஆசிரியர்' என்று எழுதினேன். பொய்யில்லை. அவர் அப்போது கிழமையில் மூன்று நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தார். படிவத்தை அவரும் பார்த்தார். பேனாவை வாங்கி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, 'அமெரிக்கன் ஃபுட்போல், டிஃபென்ஸ் கோச்' என்று சின்ன எழுத்தில் சேர்த்தார். அது பெட்டிக்குள் அடங்காமல் வெளியே ஓடியது. எனக்கு எரிச்சல் வந்தது. நேசரியில் கேட்டால் நின்று விளக்கப்போவது நான்தான்.

விளக்கி விளக்கி அலுத்துப்போயிருந்தேன். கல்யாண வீடுகளில் கோச் என்றால், "கிரிக்கெட்டோ?" என்பார்கள். தலைக்கவசம் போட்டு விளையாடுவது என்றால், "ரக்பியோ?" என்பார்கள். அவர் சொல்லித்தந்த ஒரு விளக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்தேன். எதிரணி பந்தோடு முன்னேறப் பார்க்கும். அதை மறிக்கிற பதினொரு பேருக்கு, ஒவ்வொரு தடவையும் எங்கே நிற்பது, யாரைப் பிடிப்பது என்று சொல்லுகிறவர் இவர். இதைக் கேட்ட மச்சாள், அதாவது குட்மேய்ஸில் இருக்கும் அவருடைய அக்கா, சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உன்ர மகள் சோபாவில ஏறிக் குதிக்குது. முதல் அதை மறி பாப்பம்."

என் கணவர் பல்கலைக்கழகத்தில் விளையாடியவர். முழங்கால் போன பிறகும் மைதானத்தை விட்டு வரவில்லை. முதலில் அணிக்குள் ஒரு குழுவுக்கு மட்டும் உதவிப் பயிற்சியாளர். பிறகு ஒரு பல்கலைக்கழக அணிக்கு முழுத் தடுப்பாட்டத்தையும் பார்க்கிறவர். கோடை விடுமுறைகளில் அமெரிக்கக் கல்லூரி முகாம்களுக்குப் போய், வீடியோ வெட்டிக் கொடுப்பது, மைதானத்தில் அடையாளக் கூம்புகள் அடுக்குவது என்று கிடைத்த வேலையைச் செய்வார். அப்படித்தான் அங்கே ஒரு தலைமைப் பயிற்சியாளர் பழக்கமானார்.

அந்தத் தொழிலில் விண்ணப்பமும் இல்லை, நேர்முகக் கடிதமும் இல்லை. குளிர்காலத்தில் ஒரு கிளப் தலைமைப் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பினால் அவரோடு அவருடைய ஆட்களும் போய்விடுவார்கள். புதிதாக வருகிறவர் அன்றைக்கே தனக்குத் தெரிந்தவர்களுக்குப் போன் எடுப்பார். எடுத்தவுடன் ஓம் என்று சொல்லுகிறவருக்கு வேலை. நான் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். ஒரு மருந்துச் சீட்டை நான் பார்த்து, இன்னொருவர் பார்த்து, இரண்டு கையெழுத்து விழுந்த பிறகுதான் அது வார்டுக்குப் போகும். தை மாதம் முழுக்க அவர் போனைக் குளியலறைக்கும் கொண்டுபோவார்.

அந்தத் தலைமைப் பயிற்சியாளரின் அழைப்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. லண்டனில் எங்கள் கோலியர்ஸ் வுட் வீட்டில் இரண்டு பேரும் நின்றோம். காலை பத்து முப்பத்தைந்து. வாசல் நடையில் நின்று ஆங்கிலத்தில் கதைத்தவர், போனைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"ஜெர்மனி. புரொஃபெஷனல் டீம். முழு டிஃபென்ஸும் எனக்கு. மூண்டு பேரும் அங்க போய் இருக்கலாமாம். கெதியா, உடன சொல்லட்டாம். என்ன சொல்லுறீர்?"

என் கண் சுவரில் தொங்கிய நாட்காட்டிக்குப் போனது. டூட்டிங்கில் சாமான் வாங்குகிற கடையில் தந்தது.

"ராகுகாலம். பத்தரையில இருந்து பன்னிரண்டு மட்டும்."

"என்ன?"

"வெள்ளிக்கிழமையெல்லோ. பன்னிரண்டுக்குப் பிறகு ஓம் எண்டு சொல்லுங்கோ. ஒண்டரை மணித்தியாலம்தானே."

"பகிடி விடுறீரோ?"

"இந்த வீட்டுத் திறப்பு வாங்கேக்கையும் பாத்தனாங்கள்தானே. நீங்களும்தானே பாத்தனீங்கள்."

அது உண்மை. நேரம் கழியட்டும் என்று, சாவி வாங்கப் போன வீட்டு முகவரின் கந்தோர் வாசலில், மழைக்குள் முக்கால் மணித்தியாலம் என்னோடு நின்றவர் அவர். பொத்திய கையை எடுத்தார். பிறகு போனில், குடும்பத்தோடு கதைக்க வேண்டும், பன்னிரண்டுக்குப் பிறகு எடுக்கிறேன் என்று சொன்னார்.

அந்த ஒன்றரை மணித்தியாலமும் நான் பருப்பு அவித்தேன், உடுப்பு மடித்தேன். என் மனம் அமைதியாக இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். எங்கேயும் போகவில்லை.

பன்னிரண்டு இரண்டுக்கு எடுத்தார். பதிலில்லை. பன்னிரண்டு இருபதுக்கு எடுத்தார். அதன்பின் ஒரு செய்தி வந்தது: காத்திருக்க முடியவில்லை, வேறொருவர் கிடைத்துவிட்டார், அடுத்த தடவை பார்ப்போம். போனை எனக்குக் காட்டிவிட்டு, மகளின் சோற்றைச் சூடாக்கப் போனார். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். அவர் சோற்றைக் கிளறிக்கொண்டு நின்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மச்சாள் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். குளிர்சாதனப்பெட்டியில் கோயில் நாட்காட்டி ஒட்டியிருந்தது. என்னை அறியாமலே அந்த வெள்ளிக்கிழமையைத் தேடினேன். ராகுகாலம் 11.06 முதல் 12.08 வரை என்று இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

"மச்சாள், இதென்ன பதினொண்டு ஆறு?"

"அது லண்டன் நேரமெல்லோ. சூரியன் எழும்பிறதில இருந்துதான் கணக்கு. இஞ்ச தையில எட்டு மணிக்குத்தானே விடியுது. கடைக் கலண்டரில இருக்கிறது ஊர் நேரம்." பிறகு கரண்டியை என் பக்கம் நீட்டி, "மருந்து அளக்கிற ஆள் நீர், இது தெரியாதோ?" என்றார்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். பத்து முப்பத்தைந்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அவர் கவனமாகக் காத்திருந்து திருப்பி எடுத்த பன்னிரண்டு இரண்டுதான் சரியாக ராகுகாலத்துக்குள் விழுந்தது. கடை நாட்காட்டியைப் பற்றி யாரையாவது ஒருதரம் கேட்டிருக்கலாம். இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு குளிசையும் அனுப்பாத நான், அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

ஒரு கிழமை சொல்லாமல் திரிந்தேன். அடுத்த ஞாயிறு பல்கலைக்கழக அணிக்கு ஆட்டம் இருந்தது. சொல்லிவிடுவது என்று மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். முழு ஆட்டத்தையும் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பதினொரு தலைக்கவசங்களும் அவர் பக்கம் திரும்பும். அவர் தோளைத் தொடுவார், காதைத் தொடுவார், இடுப்பில் கை வைப்பார். அவர்கள் இடம் மாறி நின்றுவிடுவார்கள். நான் மனதுக்குள் பத்து எண்ணி முடிப்பதற்கு முன் எல்லாம் நடந்துவிடும். ஒருதரம் எதிரணி உடைத்துக்கொண்டு ஓடிவிட்டது. அவர் கையிலிருந்த தாளில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த சைகையைக் காட்டினார். மகள் வண்டிக்குள் இருந்து தோளையும் காதையும் தொட்டுப் பார்த்தாள்.

ஆட்டம் முடிந்து, அவர் முழங்காலை ஊன்றி இருந்து கூம்புகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அப்ப நான் பன்னிரண்டு ரெண்டுக்கு எடுத்தது?"

"அதுக்குள்ளதான்."

சிரித்தார். பைக்கு மேல் குனிந்து கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு நிமிராமலே கேட்டார்: "அண்டைக்குத் திங்கட்கிழமையா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீர்?"

திங்களில் ராகுகாலம் காலையிலேயே முடிந்துவிடும். பத்தரைக்கு, தள்ளிப்போட எனக்கு ஒரு சாட்டும் இருந்திருக்காது.

"தெரியேல்லை," என்றேன். பிறகு, "இல்லை எண்டுதான் சொல்லியிருப்பன்போல. இப்பதானே எனக்கு வேலை நிரந்தரமாச்சு. இவளுக்கும் இப்பதான் நேசரி கிடைச்சது. அங்க ஒருத்தரையும் தெரியாது."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பீங்களோ?"

"இப்ப எப்பிடிச் சொல்லேலும்?" என்று பையைத் தோளில் போட்டார்.

அடுத்த தை மாதம் அதே தலைமைப் பயிற்சியாளர் திரும்ப எடுத்தார். இந்தமுறை முழுத் தடுப்பாட்டம் இல்லை. நடுவில் நிற்கும் நாலைந்து பேருக்கு மட்டும் பயிற்சியாளர். போன வருடம் அந்த வேலையை எடுத்தவர் அங்கேயே இருந்தார். இவர் அவருக்குக் கீழே. போனைப் பொத்தாமல் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நாட்காட்டியைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். ஊர் நேரமா, லண்டன் நேரமா என்று மனம் கணக்குத் தொடங்க முன் வாயைத் திறந்தேன்.

"எத்தினை மாதம்?"

"ஏழு."

"நாங்கள் வரேல்லை. நீங்கள் போங்கோ."

அதே மூச்சில் அவர் போனில் ஓம் சொல்லிவிட்டார்.

அது சரியா என்று இன்னும் தெரியவில்லை. போகாதே என்று சொல்லியிருக்கலாம், அல்லது பெட்டியைக் கட்டிக்கொண்டு கூடப் போயிருக்கலாம். நேசரியில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற ஒவ்வொரு காலையும் இதே விசாரணைதான் எனக்குள் நடக்கிறது.

இந்தக் கோடையில் சனிக்கிழமைகளில் ஜெர்மனியில் நடக்கும் அவர்களுடைய ஆட்டத்தை மடிக்கணினியில் பார்க்கிறோம். போன கிழமை கமெரா ஓரக்கோட்டுக்குப் போனது. ஒரு மனிதர் தோளைத் தொட்டார், காதைத் தொட்டார், இடுப்பில் கை வைத்தார்.

"அப்பா," என்று மகள் திரையில் விரலை வைத்தாள்.

"அவரில்லை அம்மா," என்று விரலைப் பிடித்து நகர்த்தினேன். "பின்னால, தாளோட நிக்கிறார் பாருங்கோ. அவர்தான்."