ஒரு பை போதும்

கூடுவாஞ்சேரியில் ஒரு டயாலிசிஸ் சென்டர். எந்தப் படுக்கையில் யார் என்று திரையில் காட்டும் மென்பொருளை எழுதியவன் நான். தினமும் பதினோரு மணி வாக்கில் அது உறைந்து நிற்கும். அங்கே கம்ப்யூட்டரில் உட்காரும் அம்மா ஏதோ தப்பாக அமுக்குகிறார் என்று அடித்துச் சொன்னேன். எனக்கு வாய் நீளம். சென்டரைப் பார்த்துக்கொள்பவர் நம்பிவிட்டார். "நாளைக்கும் நின்னுச்சுன்னா அந்தம்மாவ வேலைய விட்டு நிறுத்திடறோம் சார்" என்றார்.

அப்போதே நிரலைத் திறந்து உட்கார்ந்தேன். ஆனாலும் என் நிரலில் தப்பில்லை என்றே நம்பினேன். ஒவ்வொரு நோயாளிக்கும் சர்வரோடு ஒரு கனெக்‌ஷன் திறக்கும், அதற்கு ஒரு புது எண். வேலை முடிந்ததும் மூட வேண்டும். மூடாதவை சேர்ந்தால் எல்லாம் நின்றுவிடும். திறந்ததையும் மூடியதையும் எண்ணிப் பார்த்தேன். இரண்டும் சரியாகவே வந்தன.

தாம்பரத்தில் எங்கள் ஆபீசுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தார். என் வயதுதான், ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். எப்போதும் போர்டில் வட்டமும் அம்பும் போடுவார் என்று கிண்டலடித்திருக்கிறேன். அவரிடம்தான் போய் நின்றேன்.

"எண்ணிக்கை சரி. திறந்த அதே நம்பரத்தான் மூடுறீங்களா?"

"நம்பருக்கு முடிவே இல்லியே மேடம். எத்தனையத்தான் ஞாபகம் வெச்சுக்கறது?"

"ஒண்ணே ஒண்ண."

போர்டில் திறந்தது, மூடியது என்று இரண்டு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு சட்டைப்பை வரைந்தார். வரும் எண்களில் ஏதோ ஒன்றைப் பையில் போட்டுக்கொள். மற்றதையெல்லாம் கண்டுகொள்ளாதே. பையில் உள்ளது மூடப்பட்டதா, ஒரு தரம்தானா என்று மட்டும் பார். அந்த ஒன்று எதுவாகவும் இருக்கலாம் என்பதால் தப்பு எதில் நடந்தாலும் மாட்டும். முடிவில்லாத எண்களைக் காவல் காக்க ஒரு பை. எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

மென்பொருள் பதிந்து வைத்திருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டு ஓட்டினார். சாயங்காலத்துக்குள் மாட்டியது. நோயாளியைப் படுக்கை மாற்றும் இடத்தில் நான் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டி, அதில் கனெக்‌ஷனின் பெயரை மாற்ற மறந்திருந்தேன். பழைய கனெக்‌ஷன் இரண்டு தரம் மூடப்பட்டது, புதியது திறந்தே கிடந்தது. எண்ணிக்கை மட்டும் கச்சிதம்.

திருத்தி அனுப்பினோம். மறுநாள் பதினோரு மணி தாண்டியும் திரை ஓடியது. சென்டரைப் பார்த்துக்கொள்பவர் போன் செய்தார்.

"பாத்தீங்களா சார், விட்ட திட்டுல அந்தம்மா இன்னிக்கு ஒழுங்கா அமுக்கினு கீது."

"அவங்க மேல தப்பே இல்ல சார். தப்பு என்னோடது. கண்டுபுடிச்சது எங்க மேடம். போன அந்தம்மாகிட்ட குடுங்க."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தம்மாவின் குரல் முந்திக்கொண்டது: "சொல்லுங்க சார், இப்ப எத அமுக்கணும்?"