பெரட்டுத் தண்டவாளமும் பெயர் தெரியாத தொழிலாளியும்

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். மறதியும் உண்டு. சொல்ல வந்ததைப் பாதியில் விட்டு வேறெங்காவது போய்விடுவேன். நீங்கள்தான் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வர வேண்டும்.

பத்து நாளைக்கு முன் பக்கத்து வீட்டு ஜமீலா ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். மாசாயில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி அவள்தான். மகனுடைய சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து படித்திருக்கிறாள் போல, அட்டையில் மீன் குழம்பு வாசம்.

“அக்கா, ஒங்க லாபிஸ் தோட்டத்துக் கோயில் வரலாறு லா. வர்ற ஞாயித்துக்கிழம இதான் நம்ம புத்தகம்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே மண்டபத்தில் பதினைந்து பேர் கூடுவோம். ராமையா சார் என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்துகிறார். ஆளுக்கொரு சரித்திரப் புத்தகத்தைச் சிபாரிசு செய்து, அதிலிருந்து ஒரு விசித்திரமான கதையும் சொல்ல வேண்டும். எவ்வளவு தடியான புத்தகமோ அவ்வளவு மரியாதை. படித்தீர்களா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, அது ஒரு நாகரிகம். ஒருவர் மூன்று மாதமாக ஒரே புத்தகத்தைச் சிபாரிசு செய்கிறார். பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியவில்லை.

கதைகள் அருமையாக இருக்கும். யானை வரும், கப்பல் வரும், சுரங்கப்பாதை கட்டாயம் வரும். எங்கள் கூட்டத்தில் ஒன்பது பேருடைய முன்னோர் இந்த நாட்டுக்குத் தளபதிகளாக வந்தவர்கள். இரண்டு பேர் மந்திரி வம்சம். அப்படியானால் இத்தனை ரப்பர் மரத்தையும் சீவியது யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். கேட்க மாட்டேன். நான் பிஸ்கட் தட்டு தூக்குகிறவள். அந்த மண்டபத்தில் இதுவரை நான் வாயைத் திறந்து சிபாரிசு செய்தது, ஆறுவதற்குள் தேத்தண்ணியைக் குடியுங்கள் என்பதை மட்டும்தான்.

புத்தகத்தைப் பிரித்தேன். எடுத்ததும் எங்கள் தோட்டத்துத் தண்டவாளத் துண்டின் படம். தோட்டம் போன பிறகு கோயிலைப் பெரிய சாலை ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அந்தத் துண்டு கண்ணாடிப் பெட்டிக்குள், தங்க நிறப் பெயிண்ட் அடித்து, மாலையோடு நிற்கிறது. கோயில் தலைவரின் பாட்டனார் சின்னையா, ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய், அதைத் தோளிலேயே சுமந்துகொண்டு காடு மலை தாண்டி வந்தாராம். சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்கள் உண்டு. தண்டவாளத்தோடு திரும்பியவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும், மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலின், அந்த ஒட்டுப்பாலின் நாற்றம்தான் மூக்கில் ஏறியது. எங்கள் தோட்டத்தில் அந்த நாற்றம் இல்லாத பொருள் கிடையாது. பள்ளிச் சட்டையில் இருக்கும், தலையணையில் இருக்கும், பொங்கலில்கூட இருக்கும். குளுவாங் டவுனில் கல்யாணத்துக்குப் போனால் முகம் பார்க்காமலே எங்களை எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். என்ன சொல்ல வந்தேன்? தண்டவாளம்.

விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்கு எழுப்ப ஒரு பழைய இரும்புத் தகட்டை அடிப்பார்கள். அது விரிசல் விட்டுவிட்டது. ஆட்களை வேலை வாங்கும் கங்காணி, லாபிஸ் ரயில் ஸ்டேஷனில் கழித்துப்போட்ட ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் கேட்டு வாங்கினார். அதைச் சைக்கிள் பின்னால் கட்டி உருட்டிக்கொண்டு வந்தவர்தான் சின்னையா. பாதி வழியில் டயர் வெடித்து, சைக்கிளைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது, ஒன்பதும் இருக்கலாம்.

அப்பா நல்ல உயரம். அதைத் தூக்கி மரத்தில் கட்டச் சொன்னார் கங்காணி. அப்பா இரண்டடி பின்னால் போனார்.

“நா தொடமாட்டேங்க.”

“ஏன்டா, கடிச்சிருமா?”

எல்லாரும் சிரித்தார்கள். எதற்கும் மாட்டேன் என்று சொல்லாத மனிதர், அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சின்னையாதான் ஏறிக் கட்டினார். அந்தப் புண்ணியம் அவருக்கே.

மறுநாளிலிருந்து தண்டவாளம் அடிக்குமுன்பே பெரட்டுக் களத்தில் அப்பா நிற்பார். கங்காணிக்கு ஒரே பெருமை. “இவனப் பாத்துக் கத்துக்கிடுங்கடா, எம்புட்டு அக்கறை பாரு,” என்பார். நானும் பெருமையாக ஒருநாள் கேட்டேன், ஏம்ப்பா முதல் ஆளாகப் போகிறீர்கள் என்று.

“படுத்துக்கிட்டு அந்தச் சத்தத்தக் கேக்கக் கூடாதும்மா. சயாமுல தண்டவாளத்தத்தான் அடிச்சு எழுப்புவானுங்க. நம்ம எந்திரிப்போம், பக்கத்துல படுத்திருந்தவன் எந்திரிக்கமாட்டான்.”

சயாமைப் பற்றி அப்பா சொன்ன சரித்திரம் மொத்தமும் இவ்வளவுதான்.

புத்தகத்தில் பெரட்டுக் களத்தில் எடுத்த பழைய படம் ஒன்று இருக்கிறது. கீழே போட்டிருக்கிறார்கள்: கங்காணி, தலைவரின் பாட்டனார் சின்னையா, பெயர் தெரியாத தொழிலாளி. அந்த மூன்றாவது ஆள் என் அப்பா. தினமும் பெயர் கூப்பிட்ட இடத்திலேயே எடுத்த படத்தில் அவர் பெயர் தெரியாதவர்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் தலைவரே லாபிஸிலிருந்து வந்திருந்தார். ஜமீலா என் இடுப்பில் கிள்ளிக்கொண்டே இருந்தாள். வலி பொறுக்காமல் எழுந்தேன். சைக்கிளைச் சொன்னேன், அப்பாவைச் சொன்னேன். குரல் பிஸ்கட் மாதிரி உடைந்து உடைந்து வந்தது.

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். “நீங்க அப்ப சின்னப் புள்ளம்மா. யாரு சொல்லிக் கேட்டீங்க?”

“யாரும் சொல்லல. நா பாத்தேன்.”

ராமையா சார் குறுக்கே வந்தார். “பாத்தேன்னா வரலாறு ஆகாதும்மா. எழுத்துல இருக்கணும்.”

“அப்ப தோள்ல தூக்கிட்டு வந்ததுக்கு எழுத்து எங்க சார்?” இது ஜமீலா.

“புத்தகத்துலயே போட்டிருக்கே,” என்றார் தலைவர்.

“அலமாக், அந்தப் புத்தகத்த எழுதுனதே நீங்கதானே,” என்று ஜமீலா தலையில் அடித்துக்கொண்டாள்.

மண்டபம் கொஞ்சம் சிரித்தது. தலைவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “அடுத்த மாசம் மறுபடி அச்சுக்குப் போவுது. எழுதிக் குடுங்க, பாப்போம்,” என்றார். எழுத்தில் கேட்டார்கள், எழுதிவிட்டேன்.

ரப்பர் மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. அதுவும் போய் இப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் கேட் போட்ட வீடுகள். கங்காணியும் சின்னையாவும் அப்பாவும் இல்லை. விடியலில் நின்று பெயர் கூப்பிடவும் யாரும் இல்லை. அந்தத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் எழுத்துகள் பொறித்திருக்கும், பள்ளிக்குப் போகும்போது விரலால் தடவுவேன். இப்போது பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. யாராவது கொஞ்சம் சுரண்டி, அது எந்த ஊர்த் தண்டவாளம் என்று பாருங்கள். வெடித்தது முன் டயரா பின் டயரா, எனக்கு எட்டு வயதா ஒன்பதா, அதையும் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் சொன்னது தப்பு என்று தெரிந்தால் தண்டவாளம் தலைவரின் பாட்டனார் தோளிலேயே இருக்கட்டும்.

படத்துக்குக் கீழே போட வேண்டிய பெயரை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். காத்தமுத்து.