கடை என்று பதிவான வீடு

அகலமான பேசினில் வெந்நீர் ஊற்றி, பிளாஸ்டிக் டப்பாக்களை அதில் அமுக்கி, ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள் ஈஸ்வரி. நாற்பத்திரண்டு டப்பாக்கள். 'ஈஸ்வரி வீட்டுப் பலகாரம், செக்காலை' என்று பெயரும், போன் நம்பரும், கிலோ விலையுமாகப் போன ஆடியில் ஆசைப்பட்டு அச்சடித்தது.

"இப்ப உரிச்சு என்னத்துக்கு ஆகப்போகுது? எந்தக் கையில கொடுக்கக் கூடாதோ அந்தக் கையில ஒண்ணைக் கொடுத்துட்டியே" என்றான் அவள் கணவன் முத்தரசு. வாசலில் லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"குத்திக் காட்டாதீக. வீடேறி வந்த மனுசனை வெறுங்கையோடயா அனுப்புறது?"

வந்த மனுசன் பாண்டீஸ்வரன். தண்ணீர், பாதாளச் சாக்கடைக் கட்டணங்களைத் திருத்துவதற்காக வீடு வீடாகக் கணக்கெடுத்தவன். ஒரு நாள் காலை வந்து முன்னறையையும் அடுப்படியையும் அளந்தான். ஈஸ்வரி கூடவே போய் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணிக்கு எதுக்குத் தம்பி சுவத்தை அளக்குறீக?"

"இங்குட்டு எல்லாம் மீட்டர் கிடையாதுல்லக்கா. தண்ணிக்கு வீடுன்னா ஒரு ரேட்டு, கடைன்னா ஒரு ரேட்டு. சாக்கடைக்கு அதோட சதுர அடியும் சேரும். எவ்வளவு பிடிக்கிறீகன்னு யாரும் பாக்குறதில்லை."

"அப்ப ஒத்தக் குடம் பிடிச்சாலும் அதே காசுதானா?"

"அதே காசுதான்."

அவன் போனில் 'குடியிருப்பு' என்று தட்டிவிட்டுக் கிளம்பினான். அதோடு விட்டிருக்கலாம். ஈஸ்வரி விடவில்லை. டீ கொடுத்தாள். அன்று சுட்ட மணகோலப் பலகாரத்தில் ஒரு டப்பாவை எடுத்து அவன் பையில் திணித்தாள். "வீட்டுல கல்யாணம் காச்சின்னா சொல்லுங்க தம்பி, நம்பர் மூடியிலயே இருக்கு. வாரத்துக்கு அம்பது கிலோ போடுறோம்" என்று வேறு சொன்னாள்.

பாண்டீஸ்வரன் மூடியைப் படித்தான். அடுப்படியை மறுபடி எட்டிப் பார்த்தான். வரிசையாக மூன்று பெரிய அடுப்பு. தலையைச் சொறிந்தான். "அக்கா, இது தெரியாம இருந்தாக்கூடப் பரவால்ல. தெரிஞ்சப்புறம் மாத்தி எழுதலைன்னா என் வேலை போயிரும்."

டப்பாவை அவன் திருப்பித் தரவும் இல்லை. தந்திருந்தாலும் ஈஸ்வரி வாங்கியிருக்க மாட்டாள்.

எட்டு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சீர் வைக்க ஒரு படி அரிசியில் தேன்குழல் சுட்டுக் கொடுத்ததில் தொடங்கியது இந்தத் தொழில். சாக்கோட்டைப் பக்கத்து வயற்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமே இல்லை. ஆட்டோ தவணை, மகளின் காலேஜ் பீஸ் எல்லாம் அந்த மூன்று அடுப்பிலிருந்துதான் வந்தன. வாடகை வீட்டில் இத்தனை அடுப்புக்கு இடம் கொடுப்பவர் லேசில் கிடைப்பதில்லை. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் சின்னச்சாமி கொடுத்திருந்தார்.

அவர் பெயருக்குத்தான் நோட்டீஸ் வந்தது. இணைப்பு வணிக வகைக்கு மாற்றப்படுவதாக. ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் காகிதமுமாகப் படியிறங்கி வந்தார்.

"தண்ணிக் காசு போனாப் போகுது ஈஸ்வரி, அதை நீ கட்டிருவ. நாளைக்கு வீட்டு வரியையும் கடைக் கணக்குல போட்டா நான் எங்க போவேன்? தை பிறக்கட்டும், வேற இடம் பாத்துக்கத்தா."

"முறுக்குக்கு எம்புட்டுத் தண்ணிண்ணே வேணும்? மாவு பிசைய ரெண்டு சொம்பு. உங்க வாஷிங் மெஷின் ஒரு தடவை குடிக்கிறதுல நான் ஒரு மாசம் பிசைஞ்சுருவேன்."

"அதை அங்க போய்ச் சொல்லு."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முறுக்குப் பிழியும்போதே எழுந்து போய்க் குழாயைத் திருகிப் பார்த்தாள். ஒரு அடுப்பைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள், மறுநாளே இழுத்துப் போட்டாள். ஒரு ஈடு அதிரசம் கருகியது. எட்டு வருஷத்தில் அவள் அதிரசத்தைக் கருக்கியதில்லை.

சொல்லத்தான் போனாள், மாநகராட்சி அலுவலகத்துக்கு. அங்கே இருந்த அம்மா பொறுமையாகவே பேசினார். ஆட்சேபணை மனு உண்டு. நோட்டீஸ் வந்த பதினைந்து நாளைக்குள் கொடுத்தால் மறுபடி ஆள் வந்து முழுக் கட்டடத்தையும் அளந்து பார்த்து முடிவு செய்வார்கள். வீட்டோடு செய்யும் சின்ன வேலைதான் என்று தெரிந்தால் பழைய வகையிலேயே விட வாய்ப்பிருக்கிறது. "ஆனா இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் கையெழுத்துப் போடணும்."

நோட்டீஸ் வந்து பதின்மூன்று நாளாகிவிட்டது. டப்பாக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஈஸ்வரி கையைத் துடைத்தாள்.

"வேற வீடு பாப்போம் விடு" என்றான் முத்தரசு.

"பாத்து? அங்கயும் ஒருத்தர் டேப்போட வருவார். அவருக்கும் மணகோலம் கொடுப்பேன்."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் கொடுத்த மனுப் படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

சின்னச்சாமி கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மனுவை இரண்டு தரம் படித்தார். 'முழுக் கட்டடத்தையும்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

"பாண்டீஸ்வரன் கீழ மட்டுந்தான அளந்தான்?"

"ஆமாண்ணே. மாடி பூட்டியிருந்துச்சு, பழைய பதிவுப்படி போட்டுக்கிட்டாக."

பழைய பதிவில் ஒரு அறைதான். மகனுக்குக் கல்யாணமானபோது பின்பக்கம் ஏற்றிய இரண்டு அறைகளும் குளியலறையும் எந்தக் காகிதத்திலும் இல்லை. அந்தப் பக்கமிருந்து வாஷிங் மெஷின் கடகடத்து அடங்கியது. இருவருமே அதைக் கேட்டார்கள்.

ஈஸ்வரி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். அவர் வாங்கவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"அண்ணே, நாளை மறுநாள் கடைசி நாள். ரெண்டு கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியிருக்கேன். போடுவீகளா, மாட்டீகளா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் மனுவை அவளிடமே நீட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பினார்.

கீழே அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மனுவை டீப்பாயில் வைத்து, பறக்காமலிருக்க அதன்மேல் பேனாவை வைத்துவிட்டு, ஈஸ்வரி அறையைவிட்டு வெளியே வந்தாள்.