பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள்

மூத்தவளே, தெருவெல்லாம் பெண்கள் அடுப்பு மூட்டும் பகவதி பொங்காலைக்குச் சில நாட்கள் முன்பு நீ பேரூர்க்கடையிலிருந்து போன் செய்தாய். "அப்பா, இந்தத் தடவ நம்ம வீட்டு முன்னாடியே அடுப்பு போடுறேன். குட்டியையும் கொண்டு வாறேன். அவளும் பாக்கட்டும்" என்றாய். குட்டி உன் மகள், நாலு வயது. நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாய். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று கத்தினேன். ஸ்ரீவராகத்துத் தெரு உனக்குத் தெரியும், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்னப்பா இது? நான் காணாமப் போன கதைய வீட்டுக்கு வர்றவங்க எல்லார்ட்டயும் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவீங்கல்லே? இப்ப என்ன புதுசா பயம்?"

எதிர்வீட்டு ஜன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"செரி, நான் அங்க வரல்ல. தம்பானூர்ல கூட்டுக்காரிகளோட போட்டுக்கிடுறேன். குட்டியும் என்கூட வருவா" என்று வைத்துவிட்டாய்.

உங்கள் அம்மா அடுக்களையிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நல்லாருக்கு. இஞ்ச இருந்தா பிள்ளைய நாம ரெண்டு பேரும் பாத்துக்கிடலாம். இப்ப ரயில் விட்டு இறங்குற கூட்டத்துக்கு நடுவுல கொண்டு போய் இருத்தப் போறா. காரணத்த ஒழுங்காச் சொல்ல வாயில்லையா உங்களுக்கு?"

இல்லை. அந்த நாளைப் பற்றி மட்டும் எனக்கு வாயில்லை. உன்னிடம் நேரில் சொல்ல ஆரம்பித்தால் சிரிப்புக் கதையாகப் போய்விடும், இல்லாவிட்டால் கத்தலாகப் போய்விடும். அதனால் எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன்; கிழக்கேகோட்டை அச்சகத்தில் தமிழ் வேலை முழுக்க இத்தனை வருடமாக என் கையில்தான். தமிழ் வேலை என்றால் கல்யாணக் கடிதம், காதுகுத்து, புதுவீட்டுப் பால்காய்ப்பு, பதினாறாம் நாள் அட்டை. உனக்கும் உன் தம்பி சின்னவனுக்கும் பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். நீங்கள் இருவரும் தமிழ் எழுத்துக் கூட்டப் படித்ததே நான் கொண்டு வந்த பிழை அட்டைகளில்தான். இப்போதும் அதே பிழை அட்டைகளை எடுத்து, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு முதலாளி கண் அசரும் நேரத்தில், பின்பக்கம் எழுத உட்கார்ந்தேன்.

கை என்ன எழுதியது தெரியுமா? "பேரன்புடையீர், நிகழும் மங்களகரமான மாசித் திங்களில், அருள்மிகு பகவதி அம்மன் திருவருளை முன்னிட்டு, எங்கள் மூத்த குமாரத்தி காணாமற்போன நிகழ்வு யாதெனில்." விளையாட்டுக்குச் செய்யவில்லை, மக்ளே. பேனாவைத் தமிழுக்காகத் தொட்டாலே எனக்கு அப்படித்தான் வரும். எழுதி முடித்து வாசித்தபோது நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். சின்னவன் அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினான்.

உன் குரல் போனில் வந்தது. "அப்பா, முகூர்த்தம் எத்தன மணிக்கு? சாப்பாடு உண்டா, டீ மட்டும்தானா?" சின்னவன் தரையில் உருண்டு சிரித்தான். நீயும் சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நான் தம்பானூருதான், கேட்டேளா" என்றாய்.

மறுநாள் வேறு அட்டைகளில் வேறு மாதிரி எழுதினேன். வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்லும் கதையையே வைத்தேன். ஊரெல்லாம் தேடிக் கடைசியில் போய்ப் பார்த்தால், யாரோ ஒரு அம்மா மடியில் உட்கார்ந்து நீ வெல்லம் தின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "அப்பா, எங்க போயிட்டீங்க? நான் தேடினேன்" என்றாய். காணாமல் போனது நான்தானாம். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

நீ இதற்குச் சிரிக்கவில்லை. "இது எனக்குத் தெரிஞ்ச கதைதானேப்பா. இதுக்கா அன்னைக்கு அப்படிச் சத்தம் போட்டீங்க? இதுல என்ன பயம் இருக்கு?" என்று கேட்டாய். கேட்டது நியாயம்தான். அட்டையை மறுபடி வாசித்துப் பார்த்தேன். அதில் பயமே இல்லை. கல்யாணக் கடிதத்தில் எப்படி எல்லாரும் நலமாகவே இருப்பார்களோ, அந்த மாதிரி.

அதற்குள் பொங்காலைக்கு முந்தின தினம் வந்துவிட்டது. கிழக்கேகோட்டையில் லாரி லாரியாகச் செங்கல் இறக்கினார்கள். வெளியூர்ப் பெண்கள் பையும் பானையுமாக வந்து, ரோட்டோரம் மூன்று கல் வைத்து இடம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அச்சகத்துக்குள் உட்கார்ந்திருந்த எனக்குச் செங்கல் மேல் செங்கல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாளைக்கு இந்நேரம் உன் பிள்ளை அந்தக் கல்லுகளுக்கு நடுவில் நடக்கும். அட்டையை எடுத்தேன். பேரன்புடையீர் வரவில்லை. "பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை" என்று முதல் வரி வந்தது. மிச்சத்தை நிறுத்தாமல் எழுதினேன். மூத்தவளே, அதை நீ வாசித்துவிட்டாய். சின்னவனே, அன்று நீ பிறக்கவில்லை. உனக்காக இங்கே மறுபடி எழுதுகிறேன்.

அன்றைக்கும் நம் தெருவில் வாசலுக்கு வாசல் அடுப்பு. தெரு முனையில் பெரிய ரோட்டில், ஒரு அடுப்புக்கும் அடுத்த அடுப்புக்கும் நடுவில் ஒரு கால் வைக்கத்தான் இடம். அம்மா தெரு முனையில் பானை வைத்திருந்தாள். ஆண்களுக்கு அன்று அடுப்புப் பக்கம் வேலை கிடையாது. மோர் கொடுப்பது, தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. மூத்தவள் என் பக்கத்தில் ஒரு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கோயிலில் தீ மூட்டியதும் அந்தத் தீ கைக்குக் கை மாறி வரும். நம் தெருவுக்கு வந்த அந்த நிமிஷத்தில் எல்லா அடுப்பும் ஒன்றாகப் பற்றியது. தென்னங்கொதும்பும் ஓலையும் எரிகிற புகை. முன்னால் நிற்கிற ஆள் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வாசல்படி காலியாக இருந்தது.

முதலில் வீட்டுக்குள் பார்த்தேன். பிறகு ரோட்டுக்கு வந்தேன். சின்னவனே, அங்கே ஓட முடியாது. இரண்டு பக்கமும் தீ, பானை, முந்தானை. என் இடுப்புக்குக் கீழே புகை இன்னும் அடர்த்தி. பிள்ளையின் உயரம் அவ்வளவுதான். அவள் புகைக்குள் இருக்கிறாள். கண் தெரியாமல் ஒரு அடி தவறி வைத்தால் எந்தப் பக்கம் விழுந்தாலும் தீதான். எனக்கு மனசில் அது மட்டும்தான் ஓடியது. பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. புகையால் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். புகையால் இல்லை.

ரோட்டு வளைவில் போலீஸ் நின்ற இடத்துக்குப் போனேன். மைக்கில் சொல்ல வேண்டும் என்றேன். அங்கிருந்த பெண் போலீஸ் பதறாமல் கேட்டார்: "குட்டி எந்தா இட்டிரிக்குன்னே?" என்ன உடுப்பு என்று கேட்கிறார். மறுபடி கேட்டார். "களர் பறயூ சேட்டா, களர்." நிறத்தைச் சொல்லச் சொல்கிறார். அச்சகத்தில் ரோஸிலேயே பல ரோஸ் எனக்குத் தெரியும். எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த அட்டை போனது என்று வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வேன். காலையில் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடந்திருக்கிறேன். அவள் சட்டை நிறம் தெரியவில்லை. "சின்னப் பிள்ள, சின்னப் பிள்ள" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்து, அந்தப் போலீஸ்காரம்மா தமிழில் கேட்டுப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை.

தெரிந்த ஒரே ஆள் உங்கள் அம்மா. அவளிடம் போக வேண்டும். போய்க் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். நைவேத்தியம் முடியும் வரை அடுப்பை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது வழக்கம். என்ன செய்வாளோ என்று பயந்துகொண்டேதான் போனேன். பக்கத்தில் குனிந்து, சும்மா கேட்பது மாதிரி கேட்டேன்.

"பிள்ளைக்கு இன்னைக்கு என்ன சட்ட போட்ட?"

அகப்பை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள்.

"நீலப் பாவாட. வெள்ளச் சட்ட. கையில செகப்பு வளையல்" என்றாள். பிறகு, "நீங்க ஓடுங்க. நான் இந்த இடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன். அவ தேடி வந்தா இஞ்சதான் வருவா. நானும் எந்திரிச்சுட்டா அவ யாரத் தேடி வருவா?"

நான் திரும்பி நடந்தபோது அவள் பானை பொங்கிவிட்டது. சுற்றி இருந்த பெண்கள் எல்லாம் சந்தோஷமாகக் குரவை இட்டார்கள். அம்மா கை கூப்பி உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை பானையில் இல்லை, ரோட்டில் இருந்தது. அந்த முகத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

மைக்கில் நீலப் பாவாடை என்று சொன்னார்கள். வளைவு தாண்டி ஒரு வயதான அம்மா கையைத் தூக்கினார். தன் மேல்துண்டான நேரியதின் முனையைப் பிள்ளையின் இடுப்பில் சுற்றித் தன்னோடு கட்டி வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "நிங்ஙளாணோ அச்சன்? தீயிலோட்டு ஓடியதா இவள்" என்றார். தீயை நோக்கி ஓடினாளாம். வெல்லம் அதற்குப் பிறகுதான் கொடுத்திருக்கிறார். பிள்ளை, அப்பா எங்கே போனீர்கள் என்று கேட்டது உண்மை. அதைக் கேட்டு நான் சிரித்தேன் என்று சொல்லிவந்தது பொய். ரோட்டில் செங்கல்லுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தூக்கக் கை வரவில்லை. அந்த அம்மாதான் கட்டை அவிழ்த்துப் பிள்ளையை என் மடியில் வைத்தார்.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது முதலாளி எழுந்துவிட்டார். "என்ன, பெரிய ஆர்டரா?" என்று கேட்டார். வீட்டு வேலை என்றேன்.

மூத்தவளே, சின்னவன் அதை உனக்குச் சாயங்காலம் அனுப்பினான். பதில் இல்லை. நீ வாசித்துவிட்டாய் என்று போனில் காட்டுகிறது என்றான். அம்மா வீட்டு முன்னால் செங்கல் வைத்துவிட்டு வந்தாள். ஒரு அடுப்புக்குத்தான் வைத்திருப்பாள் என்று பார்த்தால், இரண்டு. "வந்தா வரட்டும்" என்று மட்டும் சொன்னாள். நான் வாசலில் நிற்பதும் உள்ளே வருவதுமாக இருந்தேன். எழுதியதைத் திருப்பி வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சிரிப்புக் கதையோடு விட்டிருந்தால் உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

விடிந்து கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. நீ 'அப்பா' என்றுகூடக் கூப்பிடவில்லை.

"மஞ்சப் பாவாட. பச்சச் சட்ட. கால்ல கொலுசு உண்டு, கையில ஒண்ணும் இல்ல. மனசிலாச்சா? திருப்பிச் சொல்லுங்க."

"மஞ்சப் பாவாட. பச்சச் சட்ட" என்றேன்.

"கொலுசு?"

"கொலுசு உண்டு."

"பின்னே, ஒண்ணு கேக்கட்டா? அம்மா அன்னைக்கு அழுதாளா?"

"நைவேத்தியம் முடியுற வரைக்கும் அழல்ல மக்ளே."

"ஆட்டோ வந்தாச்சு. அடுப்பு போட எடம் உண்டா?" என்றாய்.

"அம்மா ரெண்டு வச்சிருக்கா."

தீ வந்தபோது நான் குட்டியோடு அதே தெருவில் நின்றேன். உள்ளே கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நீ சொல்வாய் என்று பார்த்தேன். சொல்லவில்லை. என்னைப் பார்த்தாய், குட்டியைப் பார்த்தாய், பானைக்குத் திரும்பினாய். புகை மூடியது. கண் எரிந்தது. துடைக்க எனக்குக் கை இல்லை. ஒரு கை அவள் மணிக்கட்டில், இன்னொரு கை அவள் தோளில்.

"தாத்தா, கை வேதனிக்குது. விடுங்கோ" என்றாள் குட்டி.

பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். விடவில்லை. "எனக்குப் பயமாயிருக்கு மக்ளே, நீ தாத்தாவப் பிடிச்சுக்கோ" என்றேன்.

அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.