மாலையில் மட்டும் குறைந்த வலி

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், பொரளையில் ஒரு மருத்துவமனையில், குணமாக வழியில்லாத நோயுள்ள சிறுவர்களின் வலியைத் தணிக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எதையும் வரிசை போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு கொப்பி கொடுத்திருந்தேன். வலி எவ்வளவு என்று பிள்ளை பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். தாய் மூன்று வேளையும் அதைக் குறிக்க வேண்டும். முதல் பக்கத்தில் ஆறு விதிகள். ஆறாவது: எண் ஐந்தைத் தாண்டினால் தந்தை உடனே வந்து கூடுதல் மருந்து வாங்கிச் செல்ல வேண்டும். அந்த மருந்தை அன்றன்றைக்கு மட்டுமே கொடுப்போம்.

கொச்சிக்கடையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. எலும்பில் புற்றுநோய். தந்தைக்குத் துறைமுகத்தில் வேலை. அவளுடைய கொப்பி எனக்குப் புதிராக இருந்தது. காலை நான்கு, மதியம் ஐந்து, மாலை ஒன்று. கடைசிப் பதினொரு நாளும் அப்படியே. காலையில் குடித்த மருந்தின் வேகம் தணியும் நேரத்தில் வலி எப்படிக் குறையும்? இரவில் அவள் உறங்குவதே இல்லை என்று தாய் வேறு சொன்னார். காரணம் என்னவாக இருக்கும் என்று நான்கு ஊகங்களை எழுதிக்கொண்டேன். ஒன்றும் பொருந்தவில்லை. வெள்ளவத்தையில் இருந்த என் வீட்டுக்குத் திரும்பாமல் ஒரு மாலை நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் படுக்கை விரிப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். மேலுதட்டில் வியர்வை.

“எத்தினை?” என்றேன்.

“ஒன்னு.”

“கையைப் பாத்தா ஒண்டு மாதிரித் தெரியேல்லையே?”

“உங்கட கொப்பியில கைக்குக் கட்டம் இல்லதானே, டொக்டர்!”

சிரித்துவிட்டேன். தாய் தேநீர் போட உள்ளே போனதும் என்னை அருகே இழுத்தாள்.

“ஆறுன்னு சொன்னா அப்பா பொரளைக்குப் போகணும். போன மாசம் இருட்டினப்புறம் போனாரு, செக் பொயின்ட்ல பிடிச்சிட்டாங்க. அடுத்த நாள்தான் விட்டாங்க. ஒன்னுன்னா வீட்டிலயே இருப்பாரு. அம்மாகிட்ட சொல்லாதீங்க.”

என் ஊகங்கள் நான்கும் மருந்தைப் பற்றியவை. அந்த மருந்தோடு யார் தெருவில் நடந்து வர வேண்டும் என்பது என் பட்டியலிலேயே இல்லை. விதியை எழுதியது நான். அதற்கான விலையை அவள் தினமும் மாலையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மூத்த மருத்துவரிடம் வாதாடி, ஒரு வாரத்து மருந்தை வீட்டிலேயே வைத்திருக்க அனுமதி வாங்கினேன். சோதனைச் சாவடியில் காட்டுவதற்கு, போத்தலில் இருப்பது என்ன என்று சிங்களத்தில் ஒரு கடிதமும் எழுதி வாங்கினேன். இனித் தாய் பகலில் வந்து வாங்கிச் செல்வார். அன்று மாலை முதல் போத்தலை நானே கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, சிறுமியின் முன்னாலேயே ஆறாவது விதியைக் கோடு போட்டு அடித்தேன்.

“அப்ப அப்பா போகத் தேவையில்லையா?”

“தேவையில்லை.”

“சைன் பண்ணுங்க.”

கையெழுத்துப் போட்டேன். வேலை முடிந்து வந்து வாசலில் நின்ற தந்தையைப் பார்த்தாள். அலமாரியில் இருந்த போத்தலைப் பார்த்தாள்.

“எட்டு,” என்றாள்.

தந்தை வந்து படுக்கையருகே தரையில் உட்கார்ந்தார். நான் மருந்தை அளந்து கொடுத்தேன். அரைமணி கழித்து விரிப்பிலிருந்து அவள் விரல்கள் விலகின.

அதன் பிறகு இரண்டு மாதம் இருந்தாள். அந்த மாலைகளில் அவள் சொன்ன எண்களெல்லாம் உண்மையானவை. இன்றும் ஒரு பிள்ளை வலிக்கு எண் சொன்னால் உடனே எழுதுவதில்லை; பெரிய எண்ணைச் சொன்னால் வீட்டில் யாருக்கு என்ன ஆகுமென்று அது பயப்படுகிறது என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.